என் காரை மேசை மாற்றியவர்கள்

1

கோபம் தணிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்பார்கள். தணிந்த பிறகு நான் எழுதியவற்றை என் அண்ணன்கூட முழுதாகப் படித்ததில்லை. ஆகையால் இதை ஆறவிடாமல் எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை, வட கரோலினாவில் நான் வசிக்கும் சிற்றூரின் சமுதாயக் கூடத்தில், மாதிரி வாகனங்கள் செய்கிறவர்களின் வருடாந்திரப் போட்டி நடந்தது. நானும் ஒரு கார் கொண்டுபோனேன். ஒரு சாண் நீளம். அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த அசல் இதே ஊரில் ஒரு கொட்டகையில் உருவாகி, இதே ஊர் மண்பாதையில் பந்தயம் ஓடி, இதே ஊர் பழைய இரும்புக் கடையில் உயிரை விட்ட கார். என் மாதிரியைத் தூக்கி 'பிறநாட்டு வாகனங்கள்' என்று எழுதியிருந்த மேசையில் வைத்துவிட்டார்கள். காரோடு இருந்த பதிவுச் சீட்டில் என் பெயர் இருந்ததுதான் காரணம்.

விஷயம் இவ்வளவுதான். 'இதுக்கா இத்தனை கோபம்?' என்று நீங்கள் கேட்கலாம். மனைவி கேட்டாள். மகள் கேட்டாள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

2

ஸ்டாக் கார் என்பது கடையில் விற்கிற சாதாரணக் கார்தான். வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸ் போகிற வண்டி மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கும் மெத்தை, கம்பளம், ரேடியோ எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டி, கதவுகளை வெல்டிங் வைத்து மூடிவிடுவார்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாக ஏறி ஜன்னல் வழியாகவே இறங்க வேண்டும். மண்பாதையில் வட்டம் வட்டமாக ஓட்டி, கிளம்பிய இடத்துக்கே முதலில் வந்து சேர்கிறவர் ஜெயித்தவர்.

இதைப் போனில் விளக்கியபோது அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏஞ்சாமி, கதவில்லாத வண்டீல சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வாரதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகோணுமா? நம்மூரு டவுன் பஸ்ஸுல ஏறுனாப் பத்தாதா?"

அண்ணனுக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. நான் செய்யும் கம்ப்யூட்டர் வேலையைவிட இந்தப் பொம்மைக் கார் வேலையின்மேல் அவருக்கு மரியாதை அதிகம். இதிலாவது கடைசியில் கையில் தூக்கிக் காட்ட ஒரு பொருள் இருக்கிறது என்பார்.

நான் செய்தது எதிர்வீட்டு ஹார்லனின் கார். ஹார்லனுக்கு எண்பது தாண்டிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு பூனை உண்டு, அதற்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வாலிபத்தில் அவரே ஒரு பழைய செடானை உடைத்துக் கட்டி இந்த ஊர் மண்பாதையில் ஓட்டியிருக்கிறார். அதன் போட்டோக்கள் அவரிடம் இருந்தன. எல்லாம் வெளியே நின்று எடுத்தவை. ஒன்றில்கூட காரின் உள்பக்கம் தெரியவில்லை.

ஹார்லன் பேசுவது வார்த்தைகளை மென்று துப்புகிற மலையடிவார ஆங்கிலம். வந்த புதிதில் ஒன்றும் விளங்காமல் வெறுமனே தலையாட்டுவேன். இப்போது அது என் காதில் நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பேச்சாகவே விழுகிறது. விழுகிறபடியே எழுதுகிறேன்.

"உள்ள எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"உள்ளயா? ஒண்ணுமே இருக்காதப்பா. அதானே விசேசம்."

அந்த ஒன்றுமில்லாததைச் செய்ய எனக்கு ஒரு வசந்தமும் ஒரு கோடையும் பிடித்தன. கடையில் விற்கும் மாதிரிக் கார் பெட்டியில் வெளிக்கூடு ஒழுங்காக இருக்கும். உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் சீட்டு என்ற பெயரில் ஒரு மேடு, டேஷ்போர்டு என்ற பெயரில் ஒரு திட்டு, அவ்வளவுதான். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வெறும் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் நானே செய்தேன். ஹார்லன் என் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார். நான் அளவெடுப்பேன். கியர் ராடு எங்கே என்றால் அவர் கை தானாக அங்கே போகும்.

அசல் சீட்டு ஒரு ரொட்டி வேனிலிருந்து பிடுங்கியதாம். கிழிந்த முதுகை மாவுச் சாக்கு வைத்துத் தைத்திருந்தாராம். நான் பசையில் நனைத்த மெல்லிய காகிதத்தை ஒட்டி, ஊசிமுனையால் தையல் குத்தினேன். மீட்டர்களுக்குக் குண்டூசித் தலை அளவு வட்டம் வெட்டி, முள் வரைந்து, மேலே ஒரு சொட்டு வார்னிஷ் விட்டால் கண்ணாடி தயார். இருக்கைப் பெல்ட்டுக்கு ஒயின் பாட்டிலின் கழுத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய தாள்தான் சரியாக மடங்கியது. அதற்காக ஹார்லனின் காலிப் பாட்டில்களை வாங்கி வந்து வீட்டில் அடுக்கியதில், தமிழ்ச் சங்கத்தில் என் பெயர் வேறு விதமாகப் பரவியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தரையில் இருந்த சின்னக் கதவு. முன்பக்க வலது டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, பந்தயத்துக்கு நடுவில் ஒரு சங்கிலியை இழுத்து அந்தக் கதவைத் திறப்பாராம்.

"ஓட்டிக்கிட்டேவா?"

"பின்னே? நிறுத்திப்போட்டுப் பாத்தா அது பந்தயமா? பஞ்சர் கடை."

என் காரிலும் அந்தக் கதவு கீல் வைத்த கதவு. இடுக்கியால் சங்கிலியை இழுத்தால் திறக்கும். இத்தனை வருடம் கம்பெனிகளுக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் எதுவும் அவ்வளவு சுலபமாகத் திறந்ததில்லை.

இதெல்லாம் முடிந்து கூரையை ஒட்டிவிட்டால், ஜன்னல் வழியாக டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் உள்ளே இருப்பது தெரியும். கிளப் போட்டியில் நடுவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "உங்க காரு மத்த பழைய ஸ்டாக் காருகளோட ஒரே வரிசைல நிக்கும், வந்து பாருங்க" என்று ஹார்லனிடம் சொன்னேன். எதற்கு அழைத்தாலும் "பாக்கலாம்" என்கிற மனிதர் இதற்கு மட்டும் "எத்தன மணிக்கு?" என்றார்.

3

நாமக்கல்காரன் என்று தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு உடனே என் பொழுதுபோக்கைத் திருத்தத் தோன்றிவிடுகிறது. 'லாரி செய்யலாமே!' தமிழ்ச் சங்கச் செயலாளர் எனக்குப் போன் போட்டே சொன்னார். "சார், பொங்கல் விழாவுக்கு நம்மூர் லாரி ஒண்ணு செஞ்சு வைங்க. பின்னாடி 'ஒலி எழுப்பவும்'னு எழுதி, எலுமிச்சம்பழம் மிளகாயெல்லாம் கட்டி... பசங்களுக்கு நம்ம கல்ச்சர் தெரியணும் பாருங்க." அவர் சென்னைக்காரர். நாமக்கல்லை அவர் கடந்தது ரயிலில் தூங்கிக்கொண்டு. அந்த ரயிலும் சேலம் வழியாகத்தான் போயிருக்கும்.

லாரி எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். வெறும் சேஸ் வரும். முன்னால் எஞ்சின், ஸ்டியரிங், உட்கார ஒரு பலகை. கூரை கிடையாது, கதவு கிடையாது. பலகையில் ஒரு டிரைவர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எங்கிருந்தோ அத்தனை தூரம் காற்றைக் குடித்துக்கொண்டே பட்டறை வாசலுக்கு வந்து இறங்குவார். அந்தப் பலகையைச் சுற்றித்தான் கேபின் எழும். சீட்டு, ரெக்சின், படுக்கப் பலகை, சாமிப் படத்துக்கு இடம் எல்லாம் பிறகுதான். லாரி எந்த மாநிலத்து முதலாளியுடையது என்பதைப் பொறுத்துச் சாமி மாறும். அண்ணன் என்ன சாமி என்று கேட்பார், ஏன் என்று கேட்க மாட்டார். எங்கள் ஊர்க் கொல்லர்களும் பெயின்டர்களும் பார்த்தே இராத ஊர்களின் கோயில் கோபுரங்களை லாரி நெற்றியில் வரைவார்கள். 'உனக்கெதற்கு ராஜஸ்தான்காரன் வண்டி?' என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

என்னை மட்டும் கேட்கிறார்கள். அண்ணனும் கேட்டார். "அத்தன மெனக்கெட்டுச் செய்யறவன் நம்ம பட்டறை லாரி ஒண்ணச் செஞ்சா, நானும் ஆபீஸ்ல வெச்சுக்குவேன்லொ?"

"அண்ணா, நீங்க தினமும் நெஜ லாரியே செய்யறீங்க. ஒரு சாண் லாரி எதுக்குங்க?"

"அதுக்கு டீசல் போட வேண்டாம் பாரு."

அண்ணன் கேட்டால் கோபம் வராது. மற்றவர்கள் கேட்டால் வருகிறது. இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஊரில் குப்பை போட்டு, வரி கட்டி, பனி அள்ளியிருக்கிறேன். இங்கே என் கண் முன்னால் இருப்பது ஹார்லனின் கார். அதைச் செய்ய யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்?

ஊரிலும் நிலைமை வேறில்லை. போன முறை போயிருந்தபோது அப்பா காலத்துக் கணக்கில் என் பெயர் விவரத்தைப் புதுப்பிக்க நாமக்கல்லில் வங்கிக்குப் போனேன். நான் பிறந்த வீடு அந்த வங்கிக்குப் பின் தெரு. கவுன்ட்டரில் இருந்த பெண் என் வெளிநாட்டு இந்தியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், நீங்க ஃபாரின்ங்களா? அதெல்லாம் இங்க பண்ண மாட்டாங்க. சேலத்துல அஸ்தம்பட்டி கிளைக்குப் போங்க, அங்க தனி மேசை இருக்குது."

போனேன். அஸ்தம்பட்டியில் அந்தத் தனி மேசைக்காரர் விடுப்பில் இருந்தார். உட்கார்ந்திருந்தேன். வருகிற எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு மற்ற வரிசைகளுக்குப் போனார்கள்.

4

இதற்கு நடுவில் வீட்டுக்குள்ளேயே ஒரு கலவரம்.

என் மனைவி மஞ்சுளா சேலம் சூரமங்கலத்துக்காரி. அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஆயுத பூஜையன்று எஞ்சினுக்கே சந்தனம் பூசிப் பொட்டு வைத்த குடும்பம். இங்கே வந்த பிறகும் அவள் விடவில்லை. ரைஸ் குக்கர், மிக்ஸி, லேப்டாப், இரண்டு கார், புல்வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு. என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேமராவின் மேலேயே வைத்துவிட்டு, மீட்டிங்கில் நான் சிவப்பாகத் தெரிந்த வருடமும் உண்டு.

இந்த முறை ஆயுத பூஜையன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து கராஜைத் திறந்தேன். கார் மேசைமேல் இருந்தது. கூரை முந்தின வாரமே ஒட்டியாகிவிட்டது. வழக்கம்போல் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். டேஷ்போர்டின் நட்டநடுவில், மீட்டர்களுக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டு.

"மஞ்சு!"

"ஏனுங்க, எதுக்கு இப்படிக் கத்தறீங்க? சாமி ரூம்புல வெளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்குது."

"இதுல யாரு பொட்டு வெச்சது?"

"நாந்தானுங்க. தீக்குச்சில தொட்டு, ஜன்னல் வழியா உட்டு வெச்சுப்போட்டேன். எத்தன பதனமா வெச்சேன் தெரியுங்களா? ஒண்ணுமே கலையல."

"கூரைமேல வெச்சிருக்கக் கூடாதா? தொடச்சிருப்பேனே!"

"வண்டிக்கு உள்ளதானுங்க வெப்பாங்க, ஸ்டியரிங்குக்கு முன்னால. உங்க ஊர்லயே அப்படித்தானே? ஊடு மாதிரி லாரிக்கும் உள்ளாற சாமி இருக்கோணும்னு உங்கண்ணந்தானே சொன்னாங்க?"

பளபளப்பில்லாத பெயின்ட் குங்குமத்தை உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சுக்குச்சியை நனைத்து ஜன்னல் வழியாக விட்டு ஒற்றினேன். பொட்டு போகாமல் சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் பரவியது. அதை அழிக்கக் கூரையைப் பிரிக்க வேண்டும். கூரையைப் பிரித்தால் கூண்டு உடையும். ஒரு வசந்தம், ஒரு கோடை. இரண்டு நாள் நான் மஞ்சுளாவோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவள் பேசாததுதான் அதிகம் கேட்டது.

மூன்றாம் நாள் ஹார்லனை அழைத்துக் காட்டினேன். அவர் டார்ச்சை வாங்கி, ஜன்னலோடு முகத்தை ஒட்டி, நெடுநேரம் பார்த்தார். "அந்தச் சிவப்பு என்னப்பா?"

விளக்கினேன். வண்டிக்கு விபத்து வரக் கூடாதென்று என் மனைவி வைத்தது என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அந்த எடத்துல ஆயில் லைட்டு ஒண்ணு இருந்திருக்கோணும். காசில்லாம வாங்காம உட்டுட்டேன். எஞ்சினு வெந்துபோச்சு." டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். "இருக்கட்டும். உன்ற சம்சாரம் அப்பவே வந்திருக்கலாம்."

வீட்டுக்குள் போய் மஞ்சுளாவிடம் அதைச் சொன்னேன். "அவருக்குப் புரியுது பாருங்க" என்றாள். காபி கிடைத்தது.

5

போட்டி நாள். யாழினி, என் மகள், பல்கலைக்கழகத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அழைக்காமலே வந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் கலந்த சந்தோஷம். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். பேசும் ஆங்கிலத்தில் ஹார்லன் மாதிரியே மென்று துப்புவாள். அவளுடைய தமிழ் நாளுக்கு நாள் சுருங்கி, 'போதும்ப்பா', 'விடுங்கப்பா', 'அப்புறம் பேசறேன்' என்ற மூன்றில் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன்களும் அப்படியே சுருங்கிவிட்டன.

பதிவு மேசையில் காரையும் பதிவுச் சீட்டையும் கொடுத்தோம். "எந்தப் பிரிவு?" என்றார் அங்கிருந்த பெண்மணி. "பழைய ஸ்டாக் கார்" என்றேன். எழுதியும் கொடுத்திருந்தேன். வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், ஸ்டாக் கார் வரிசையில் என் கார் இல்லை.

கண்டுபிடித்தது யாழினிதான். கூடத்தின் கடைசியில், கழிவறைக்குப் போகும் வழியில், 'பிறநாட்டு வாகனங்கள்' மேசை. அதில் ஒரு ஜப்பானியக் குட்டி வேன், ஒரு ஜெர்மன் மோட்டார் சைக்கிள், நடுவில் ஹார்லனின் கார். வேனைச் செய்தவர் உள்ளூர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மோட்டார் சைக்கிளைச் செய்தவர் உள்ளூர்ப் பல் டாக்டர். அந்த மேசையில் அவர்களுடைய வண்டிகள் பிறநாடு. என் வண்டி உள்நாடு, நான் பிறநாடு.

கிளப்பின் போட்டிப் பொறுப்பாளர் வேய்ன். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

"வேய்ன், இது இந்த ஊர்க் கார். எதிர்வீட்டுக்காரர் ஓட்டியது."

"ஓ, அழகான வேலைப்பாடு! பதிவு மேசையில் உங்கள் பெயரைப் பார்த்ததும்... பிறகு நானும் உள்ளே பார்த்தேன். டேஷ்போர்டில் உங்கள் கலாசாரத்துக்குரிய ஏதோ அடையாளம் இருக்கிறது, இல்லையா? அது அந்தக் காலத்து ஸ்டாக் காரில் இருந்திருக்காது. அங்கே வைத்தால் மதிப்பெண் குறைப்பார்கள். இந்த மேசையில் மூன்றே வண்டிகள்தான். உங்களுக்கு நிச்சயம் ஏதாவது கிடைக்கும்." கண்ணைச் சிமிட்டினார். உபகாரம் செய்கிறாராம்.

"குறைக்கட்டும். குறைத்த மதிப்பெண்ணோடு அங்கேயே இருக்கட்டும்."

"பிரிவு பதிவாகிவிட்டதே."

இந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். கத்த வாயைத் திறந்தேன். ஆனால் இத்தனை வருட ஆபீஸ் மின்னஞ்சல்கள் என் ஆங்கிலத்தை ஒரு வழி பண்ணியிருந்தன. கோபம் தொண்டைக்கு வரும்போதே டை கட்டிக்கொள்கிறது. 'தங்கள் கவனத்துக்குத் தயவுடன் கொண்டுவர விரும்புவது யாதெனில்' என்பதற்குச் சமமான எதையோ சொன்னேன். வேய்ன் அன்பாகத் தலையாட்டினார். என் உள்ளே மட்டும் நாமக்கல் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஆளை அடிக்கப் போகிறவனும் 'ஏனுங்க' போட்டுவிட்டுத்தான் அடிப்பான், ஆனால் அடித்துவிடுவான்.

"விடுங்கப்பா," என்றாள் யாழினி. "பிரைஸ் கெடைக்கும்ல?"

அவள்மேல் வந்த கோபம் வேய்ன்மேல் வந்ததைவிடப் பெரிது. "எனக்குப் பிரைஸ் வேண்டாம்மா. ஹார்லன் வந்து ஸ்டாக் கார் வரிசையில தேடுவாரு."

காரை எடுத்தேன். ஒரு தட்டில் சாமி விக்கிரகத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்க நடந்தேன். வேய்ன் பின்னாலேயே வந்தார். "இடம் மாற்றினால் மதிப்பிட மாட்டார்கள். காட்சிக்கு மட்டும் என்றாகிவிடும்." ஆகட்டும் என்றேன். ஸ்டாக் கார் வரிசையில் இடமே இல்லை. பளபளக்கும் நீலக் காரின் சொந்தக்காரர், தொப்பி போட்ட ஒரு ஆள், என்னைப் பார்த்தார், வேய்னைப் பார்த்தார், தன் காரைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். வைத்தேன். வேய்ன் அதன் முன்னால் 'காட்சிக்கு மட்டும்' அட்டையை வைத்தார்.

ஹார்லன், நடக்கப் பிடித்துக்கொள்ளும் கைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். வரிசையில் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டே வந்து தன் கார் முன்னால் நின்றார். என் டார்ச்சை வாங்கிக் குனிந்தார். நிமிர நான் உதவ வேண்டியிருந்தது. அட்டையைப் படித்தார்.

"காட்சிக்கு மட்டும்னா?"

"மார்க் போட மாட்டாங்களாம்."

"ஏன்?"

நான் சொல்வதற்குள் யாழினி சொன்னாள். முழுவதையும் சொன்னாள், பெயரைப் பார்த்து மேசை மாற்றியது வரை. சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. அதுவரை அவளுக்கு அது அப்பாவின் பொம்மைச் சண்டையாக இருந்திருக்க வேண்டும். ஹார்லனின் முகத்துக்கு நேராகச் சொன்னபோது அவளுக்கே காதில் விழுந்துவிட்டது.

ஹார்லன் தனக்கு ஒரு நாற்காலி கேட்டார். காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள், யாருடைய கார் என்று. "என்ற காருதான்" என்றார். யார் செய்தது என்றால் என்னைக் காட்டி, "எதிர் ஊட்டுக்காரன்" என்றார்.

6

மாலையில் பரிசு அறிவித்தார்கள். வேய்ன் மைக்கில் ஒவ்வொரு பிரிவாகப் படித்தார். ஸ்டாக் காரில் முதல் பரிசு அந்த நீலக் காருக்கு. கை தட்டினேன், தகுதியான கார்தான். பிறகு பிறநாட்டு வாகனங்கள். "மூன்றாம் இடம்..." என்று தொடங்கி ஒரு பெயரில் சிரமப்பட்டு ஏறி இறங்கினார். அது என் பெயர்.

மேசையில் இருந்தது மூன்று வண்டி. அதிலும் காலையிலேயே நான் ஒன்றை எடுத்துவிட்டேன். மேசையிலேயே இல்லாத காருக்கு மூன்றாம் இடம். அந்த மேசைக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்று கிளப்பில் ஒரு பழக்கமாம், பிறகு தெரிந்தது. எனக்குப் பரிசே தராமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

கூடம் கை தட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். எழுந்து போய் என்ன சொல்வது? 'தங்கள் கவனத்துக்கு...'

"இருங்கப்பா" என்றாள் யாழினி. எழுந்து விறுவிறுவென்று மேடைக்குப் போனாள். வேய்ன் சிரித்துக்கொண்டே சான்றிதழை நீட்டினார். அவள் அதை வாங்காமல் மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அந்தக் கார் உங்க ஃபாரின் மேசையில இல்ல," என்றாள், இந்த ஊர் ஆங்கிலத்தில், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல். "அது அதோ, அந்த வரிசையில இருக்கு. இந்த ஊர்ல செஞ்ச கார். ஓட்டினவர் அது பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார், சந்தேகம் இருந்தா கேட்டுக்கோங்க. செஞ்சவர் எங்க அப்பா. அவர் இந்த ஊர்க்காரர். நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில பிறந்தவ. உங்க பொண்ணோட ஒரே வகுப்புல படிச்சவ, வேய்ன். எங்கள எந்த மேசையில வெக்கறதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். ஹார்லன் மட்டும் கை தட்டினார், தனியாக, மெதுவாக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. வேய்னின் முகம் சிவந்துவிட்டது. பாவம் என்று தோன்றியது. தோன்றியதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாழினி சாவியைத் துளையில் நுழைக்க முடியாமல் தடுமாறினாள். "நான் ஓட்டட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்ப்பா. ரொம்பக் கத்திட்டேனா?"

"கத்தவே இல்லியே."

"உள்ள கத்துச்சுப்பா."

7

அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் புள்ள பேசுச்சா? நம்ம யாழினியா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவருடைய கோபத்தைத் தொடங்கினார். நான் அச்சில் ஏற்ற முடியாத சில 'ங்க'க்களோடு. "நாம பஞ்சாப்காரனுக்குக் கேபின் கட்டறோம், பீகார்காரனுக்குக் கட்டறோம். எவனாவது இது வெளியூர்க் கேபின்னு நம்ம பட்டறைக்கு வெளியில நிறுத்துனானா? வேலயப் பாருங்கடான்னு சொல்லு." கடைசியில் தணிந்து, "லாரி வேண்டாஞ்சாமி. நீ அந்தக் காரையே செய்யி" என்றார்.

செவ்வாய்க்கிழமை கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நடந்ததற்கு மனமார வருந்துகிறார்களாம். கமிட்டி கூடி விரிவாக விவாதித்ததாம். அதன் விளைவாக, அடுத்த வருடப் போட்டியில் 'உலகப் பண்பாட்டு வாகனங்கள்' என்று புதிதாக ஒரு மேசை போடப் போகிறார்களாம். அந்த மேசைக்கு நானே தலைமை ஏற்க வேண்டுமாம். முடிந்தால் என் சொந்த ஊரின் புகழ்பெற்ற லாரி ஒன்றைச் செய்து திறந்துவைத்தால் எல்லோருக்கும் கற்றுக்கொள்ள வாய்ப்பாக இருக்குமாம். நாமக்கல் என்ற பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

படித்துக் காட்டினேன். மஞ்சுளா சிரித்துவிட்டாள். எனக்கு வரவில்லை. சனிக்கிழமை செய்தது கைத்தவறு என்று சொல்லலாம், பெயரைப் பார்த்துக் கை போய்விட்டது. இது ஆறு பேர் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, யோசித்துச் செய்தது. ஒரு மேசையிலிருந்து துரத்தியதற்குப் பரிகாரமாக எனக்கென்றே ஒரு மேசையைச் செய்து, அதற்கு என்னையே காவலாளியாகவும் போட்டுவிட்டார்கள்.

அன்று மாலை ஹார்லன் வீட்டுக்குப் போனேன். எஞ்சின் வெந்துபோன காருக்குப் பிறகு அவர் இன்னொன்று கட்டியிருக்கிறார். இதற்கும் உள்பக்கப் போட்டோ இல்லை. "சீட்டு எதுலிருந்துங்க எடுத்தது?" என்று கேட்டேன். "ஸ்கூல் பஸ்ஸு" என்றார். "பின்னாடி யாரோ ஒரு பையன் பேரு செதுக்கியிருந்தான். அதையும் செய்வியா?"

செய்வேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கிளப்புக்குப் பதில் எழுதினேன். யாழினிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று நானே எழுதினேன்: 'வேய்ன், புது மேசை வேண்டாம். தலைமையும் வேண்டாம். அடுத்த வருடம் பழைய ஸ்டாக் கார் பிரிவில் ஒரு கார் கொண்டுவருகிறேன். அந்த வரிசையில் எனக்கு மூன்று அங்குலம் இடம் வேண்டும். என் கார் அவ்வளவு அகலம்தான்.'

இன்னும் பதில் வரவில்லை. நான் ஸ்கூல் பஸ் சீட்டை வெட்டத் தொடங்கிவிட்டேன்.